மாமாமார் ஊர்களும் 42 கிலோமீட்டரும்

வெளிநாட்டில் ஓடிப் பழகியவர்கள் மூன்று கிழமை லீவில் மட்டக்களப்புக்கு வரும்போது ஒரு கள்ளத் திட்டத்தோடுதான் வருகிறார்கள். பெட்டிக்குள் சப்பாத்து இருக்கும், கைக்கடிகாரத்தில் பாதை ஏற்றியிருக்கும், வீட்டில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. "விடியச்சாமம் எழும்பி ஓடிட்டு, ஆக்கள் எழும்ப முதல் வந்திரலாம்" என்பது கணக்கு. பத்துக் கிலோமீட்டருக்கு அது சரிவரும். கிறவலும் மணலும் குளக்கட்டும் வாய்க்கால் கட்டும் சேர்ந்த மண்பாதையில் முழு மரதன் ஓடுவதற்குச் சரிவராது. சொல்லாமல் ஓடுவதுதான் மரியாதை, ஊர்ச் சனத்துக்குக் கரைச்சல் இல்லை என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தனி ஓட்டத்தின் சுகத்தைப் பற்றி அவர்கள் சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை வேறு பக்கம் விழுகிறது.

ஏற்றம் என்று சொல்ல இங்கே ஒன்றும் இல்லை. வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் எழுவான்கரை கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் உயரம். அல்ப்ஸ் மலைப்பாதையில் ஓடியவர்கள் அதைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். ஏற்றம் செய்யும் வேலையை இங்கே மணலும் காற்றின் ஈரமும் செய்கின்றன. விடியற்காலையில் வெப்பமானி 26 பாகை காட்டலாம். ஆனால் காற்று அந்த நேரத்தில் ஈரத்தால் நிறைந்து நிற்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து சப்பாத்துக்குள் இறங்கும். வழிந்த வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஆகவே சொந்த இடத்தில் நாலரை மணித்தியாலத்தில் இதே தூரத்தை மண்பாதையில் முடிப்பவர் இங்கே ஐந்தரை முதல் ஆறு மணித்தியாலம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். மணிக்கு எண்ணூறு மில்லிலீட்டர் குடித்தாலும் ஐந்து லீட்டருக்குக் கிட்டப் போகும். முதுகுப் பையில் ஒன்றரை அல்லது இரண்டு லீட்டர்தான் கொள்ளும். மிச்சத்தை எங்கே நிரப்புவது? விடியற்காலை மூன்றரைக்கும் ஆறுக்கும் இடையில் ஒரு கடையும் திறந்திருக்காது. யாரோ ஒருவருடைய கிணற்றடிதான் திறந்திருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு சாமத்தில் ஒழுங்கைக்குள்ளால் ஓடும் ஒருவரைப் பார்த்து ஊர் என்ன நினைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் நாய் குரைக்கும், பிறகு வீட்டு லைட் எரியும், அதற்குப் பிறகு "ஆரது?" என்ற சத்தம் வரும். "நம்மட தங்கம்மாட பேரன், ஓட்டப் பயிற்சி" என்று முதல் நாள் மாலை தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சொல்லி வைத்தால் அந்த ஊருக்குள் பிரச்சினை முடிந்தது. பெண்கள் ஓடுவதென்றால் இது இரண்டு மடங்கு அவசியம்.

யார் வீட்டுப் படலை?

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுகிறார். அதனால் அம்மா, பெரியம்மா, சின்னம்மா எல்லாரும் பெரும்பாலும் ஒரே ஒழுங்கையில், சில குடும்பங்களில் ஒரே வளவில் இருப்பார்கள். தண்ணீர் வைக்கும் இடம் தேடுபவருக்கு அவர்களால் ஒரு இடம்தான் கிடைக்கும். மாமாமாரும் சித்தப்பாமாரும் அப்படியில்லை. ஒருவர் ஆரையம்பதியில், ஒருவர் குருக்கள்மடத்தில், ஒருவர் வாவிக்கு அங்கால் அம்பிளாந்துறையில் என்று பெண் எடுத்த ஊர்களில் சிதறிக் கிடப்பார்கள். பாதை வரையும்போது முதலில் பார்க்க வேண்டியது செய்மதிப் படத்தை அல்ல, குடும்பத்தில் எந்த மாமா எங்கே முடித்திருக்கிறார் என்பதைத்தான். எட்டுப் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு மாமா கிடைத்தால் பாதை தானாக வந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊருக்கு வந்து இன்னும் போய்ப் பார்க்காத மாமா வீட்டுக்கு, முதல் தரமாக வியர்த்து விறுவிறுத்துப் போய் "தண்ணி நிரப்ப வந்தன்" என்று நிற்க முடியாது. பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். ஆகவே முறைப்படி உடுத்தி, கையில் ஏதாவது கொண்டு, இருந்து சாப்பிட்டு, எல்லா வீடுகளுக்கும் போய் முடிக்க வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஓடிவிடும். வெப்பத்துக்கு உடம்பு பழகுவதற்கும் பத்து முதல் பதினாலு நாள் வேண்டும் என்பதால் இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன. மூன்று கிழமைப் பயணத்தில் ஓட்டத்தைப் பதினைந்தாம் நாளுக்கு முன் வைப்பது இரு பக்கத்திலும் பிழை.

போய்ப் பார்க்கும் அந்த நாளிலேயே ஓட்டத்துக்கான சாமானையும் கையளித்துவிடலாம். ஐந்து லீட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று, ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் தூள்) பக்கெட் இரண்டு, உப்புப் போட்ட பேரீச்சம்பழம் ஒரு சின்னப் பை. காத்தான்குடியில் நல்ல பேரீச்சம்பழம் வாங்கலாம். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதை ஒரு நேரமாகச் சொல்லாமல் "நாலேகாலுக்கும் அஞ்சுக்கும் இடையில" என்று சொல்லுங்கள். நாயைக் கட்டச் சொல்லுங்கள். படலைக்கு உள்ளே ஒரு ஸ்டூல் வைத்து, அதன் மேல் போத்தலும், பக்கத்தில் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரும் இருந்தால் போதும் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் மாமி எழும்பித்தான் இருப்பார். "இரி மனே, தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டுப் போ." இருந்தால் பன்னிரண்டு நிமிடம் போகும், தொடையும் கெண்டைக்காலும் இறுகும், எழும்பும்போது முதல் முந்நூறு மீட்டர் கிழவன் நடைதான். மறுத்தால் மனவருத்தம். இதற்கு நடைமுறையில் சரிவரும் வழி, முதலே கேட்டு வைப்பது: "மாமி, பால் இல்லாம சீனி கூடப் போட்டு வெறும் தேத்தண்ணி அரைக் கிளாஸ், ஆற வச்சிருங்க." இரண்டு மூன்று தேக்கரண்டிச் சீனி என்றால் பத்துப் பதினைந்து கிராம் மாச்சத்து, கொஞ்சம் கஃபீனும் சேர்த்து. காசு கொடுத்து வாங்கும் ஜெல் பக்கெட்டில் இருப்பதும் இதே வகைதான், அளவு மட்டும் கொஞ்சம் கூட. நின்றபடி குடித்துவிட்டு, வாளித் தண்ணீரைத் தலையிலும் பிடரியிலும் ஊற்றி, மேசு நனையாமல் முன்னால் குனிந்து வடியவிட்டுப் புறப்படலாம். இரண்டு பக்கத்துக்கும் திருப்தி.

முதல் பத்து நாள்

கட்டுநாயக்காவிலிருந்து இரவு வானில் ஏழெட்டு மணித்தியாலம் இருந்து வந்த காலோடு மறுநாளே ஓடக்கூடாது. முதல் இரண்டு நாள் நடை மட்டும். மூன்றாம் நாளிலிருந்து அரை மணித்தியாலம், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி ஒரு மணித்தியாலம் வரை. எல்லா ஓட்டத்தையும் விடிய ஐந்து மணிக்கே வைத்துக்கொள்பவர்கள் பாதிதான் பழகுவார்கள். வெப்பம் தோலில் படாமல் உடம்பு பழகாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை பின்னேரம் நாலரை மணிக்கு, கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய மெதுவான வேகத்தில், ஐம்பது அறுபது நிமிடம் ஓட வேண்டும். முதல் ஐந்தாறு நாளில் இரத்தத்தின் நீர்ப்பங்கு கூடி, அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு இறங்குவது கடிகாரத்தில் தெரியும். வியர்வையில் உப்புக் குறைவதற்கு அதற்கும் மேலே சில நாள் எடுக்கும்.

நேர மாற்றம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. யூலை, ஓகஸ்டில் இங்கே விடிய நாலு மணி என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் மாலை ஆறரை. கனடாக்காரர் சாமம் மூன்று மணிக்கே கண் விழித்துக் கிடப்பார்கள், அது அவர்களுக்கு வாய்ப்பு. மெல்பேர்னில் அப்போது காலை எட்டரை, அவர்களுக்கும் சுகம். சூரிச்சில் நள்ளிரவு பன்னிரண்டரை. ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்குத்தான் கஷ்டம். அவர்கள் வந்த நாள் முதல் இரவு ஒன்பதுக்குப் படுத்து நாலுக்கு எழும்பப் பழக வேண்டும். திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்து வீடு என்றால் காதடைப்பான் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

எட்டாம் ஒன்பதாம் நாளில் ஒரு சோதனை ஓட்டம் தேவை: இரண்டு மணித்தியாலம், ஓடும் உடுப்போடு, ஓடப்போகும் நேரத்தில். முன்னும் பின்னும் நிறை பாருங்கள். போகும்போது 68.0 கிலோ, வரும்போது 66.2, இடையில் குடித்தது ஒரு லீட்டர் என்றால் போன வியர்வை 2.8 லீட்டர், மணிக்கு 1.4. இந்த அளவில் ஆறு மணித்தியாலத்துக்கு 8.4 லீட்டர் போகும். உடல் நிறையில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல், அதாவது இரண்டு லீட்டர் அளவுக்கு மேல், குறையவிடாமல் இருக்க வேண்டுமென்றால் ஆறரை லீட்டர் குடிக்க வேண்டும். ஓடும்போது வயிறு அவ்வளவை ஏற்காது, குலுங்கிக்கொண்டு நிற்கும். பலருக்கு மணிக்கு எண்ணூறு மில்லிலீட்டர்தான் எல்லை. குடித்து ஈடுகட்ட முடியாத வியர்வையை வேகத்தைக் குறைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஓடுபவர் ஏழரைக்கு இறங்கினால் வியர்வை மணிக்கு ஒரு லீட்டர் பக்கம் வந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் வருபவர்கள்தான் இருபத்தைந்தாம் கிலோமீட்டரில் வாய்க்கால் கட்டில் குந்தியிருப்பவர்கள்.

தண்ணீரை மட்டும் மடக்கு மடக்காகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் தலையிடி, வாந்தி, தடுமாற்றம் வரும், பார்ப்பவர்கள் தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். ஓடி முடித்தவரின் நிறை கூடியிருந்தால் அது கெட்ட அறிகுறி. ஜீவனி போன்ற ஒரு லீட்டர் கரைசலில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, சோடியம் 1,700 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், குளுக்கோஸ் 13.5 கிராம்தான். உப்புக்கு அது தாராளம், சக்திக்குக் காணாது. ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து தேவை. ஆகவே ஒரு பக்கெட்டை இரண்டு லீட்டரில் கரைத்து, சாப்பாட்டைத் தனியே எடுப்பது நல்லது. (வயிற்றோட்டத்துக்கு எடுப்பதென்றால் பக்கெட்டில் சொன்ன ஒரு லீட்டர்தான், அதை மாற்றக்கூடாது.) சின்ன வாழைப்பழம் ஒன்றில் பதினைந்து கிராம் அளவு, பேரீச்சம்பழம் மூன்றில் அதே அளவு. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கால் தேக்கரண்டி உப்புப் போட்டால் அறுநூறு மில்லிகிராம் பக்கம் சோடியம் சேரும்.

கடைசி மூன்று நாள் சாப்பாடுதான் உறவினர் வீட்டில் மிகக் கடினம். வாவி நண்டும் இறாலும் ஆட்டிறைச்சியும் தயிர்ச்சட்டியும் வரிசையாக வரும், வேண்டாம் என்று சொன்னால் "சமையல் பிடிக்கலயா?" என்று வரும். மூன்று நாள் சைவம், முருகனுக்கு நேர்த்தி என்று சொன்னால் ஒருவரும் வற்புறுத்த மாட்டார்கள். உண்மையிலேயே நேர்ந்துகொண்டால் பொய்யும் இல்லை. முதல் நாள் இரவுக்கு இடியப்பமும் சொதியும் போதும், சம்பல் கொஞ்சமாக. தேங்காய்ப்பூ நிறையப் போட்ட பிட்டு வயிற்றில் கிடக்கும், காலையில் கனக்கும். ஓடும் நாள் இரண்டரை மணிக்கு வெறும் அரிசிக் கஞ்சி ஒரு கிண்ணம், உப்பும் கொஞ்சம் சீனியும் போட்டு. பச்சைக் கிணற்றுத் தண்ணீருக்கு வயிறு பழகாதவர்கள் கொதித்தாறியதையே குடிக்கட்டும். கிணற்று நீர் தலையில் ஊற்ற மட்டும்.

வெயில் ஒரு நேரம் சொல்கிறது, யானை இன்னொரு நேரம்

எழுவான்கரையில் மட்டும் சுற்றினால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் ஓடுவதற்கு உண்மையில் அழகான மண்பாதைகள் வாவிக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரையில்தான் இருக்கின்றன. கொக்கட்டிச்சோலை, அம்பிளாந்துறைப் பக்கத்து வயல் வட்டைகள், மேற்கே போகப் போகக் குளக்கட்டுகள், தாந்தாமலைப் பக்கம் பற்றைக்காடு. அங்கே யானை இரவில் வயலுக்கு இறங்கி விடியும்போது காட்டுக்குத் திரும்புகிறது. வெயில் "மூன்றரைக்குத் தொடங்கு, ஒன்பதுக்குள் முடி" என்கிறது. யானை "ஆறுக்கு முன் இந்தப் பக்கம் வராதே" என்கிறது. ஆறுக்குத் தொடங்கினால் முடிக்கும்போது உச்சி வெயில். ஒன்றைக் கேட்டால் மற்றது அடிக்கும்.

இதற்குத் துணிச்சல் விடை சொல்பவர்கள் உண்டு. லைட் இருக்கிறது, விசில் இருக்கிறது, யானை ஒதுங்கிப் போகும் என்பார்கள். யானை மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் வரும். மண்பாதையில் ஆறு மணித்தியாலம் ஓடுபவர் மணிக்கு எட்டுப் போனால் பெரிது. அதுவும் வேளாண்மை விளைந்து நிற்கும் காலத்தில், வெடி கொளுத்தி விரட்டப்பட்ட தனியன் யானை ஒன்று என்ன மனநிலையில் திரும்பும் என்பது வாடியில் காவல் கிடக்கும் ஆட்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் கேட்காமல் போவது மடமை. முதல் நாள் மாலை, வயல் காரியங்களுக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் மூன்று விஷயம் கேட்டால் போதும்: யானை எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகிறது, யானை வேலியில் கரண்ட் இருக்கிறதா, வாய்க்காலில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா. மூன்றாவது கேள்வி பாதை சேறா காய்ந்ததா என்பதற்கு.

தீர்வு பாதையின் வரிசையில் இருக்கிறது. இருட்டு நேரம் முழுவதையும் சனம் குடியிருக்கும் எழுவான்கரையில் செலவழிக்க வேண்டும், வெளிச்சம் வந்த பிறகு வாவியைக் கடக்க வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகுதான் இது வசதியானது. அதற்கு முன் அந்த இடத்தில் பாதைப்படகைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றரைக்குத் தொடங்கி, கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்று ஓடினால் இருபதாம் கிலோமீட்டரில் நேரம் ஆறு. பாலத்தைத் தாண்டி வயலுக்குள் பதினாலு கிலோமீட்டர் சுற்றி எட்டு மணி போலத் திரும்பவும் பாலத்துக்கு வரலாம். மிச்சம் எட்டுக் கிலோமீட்டரும் தென்னந்தோப்பு நிழலில் ஒழுங்கைகளுக்குள். ஒன்பதேகால் போல முடியும்.

முதல் இருபது கிலோமீட்டரில் கடற்கரை மணல் ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். நம் கடலில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. அலை அடித்து இறுகிய ஈரமணல் ஒரு ஒடுங்கிய பட்டிதான், அதுவும் கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் போனால் ஒரு காலின் இடுப்பும் முழங்கால் வெளிப்பக்கமும் நோகும், ஆகவே போன தூரமே திரும்பி வாருங்கள். விடியப்புறம் கரைவலை இழுக்கத் தொடங்கிவிடுவார்கள். இழுத்துக் கட்டிய கயிறு இருட்டில் முழங்கால் உயரத்தில் நிற்கும். லைட்டைக் கண்டால் அவர்களே சத்தம் போடுவார்கள், நின்று தாண்டிப் போவதுதான் மரியாதையும் பாதுகாப்பும்.

பாலத்தடியில் நாலு கேள்வி

முழு ஓட்டத்திலும் தீர்மானம் எடுக்க வேண்டிய இடம் இந்தப் பாலம் ஒன்றுதான். அங்கால் போனால் நிழல் இல்லை, கடை குறைவு, ஏழு கிலோமீட்டர் போய்விட்டுக் களைத்தால் ஏழு கிலோமீட்டர் திரும்ப வேண்டும். இந்தப் பக்கம் நின்றால் வீடுகள், கிணறுகள், பிரதான வீதி. பிழைக்கும் ஓட்டங்களில் பெரும்பாலானவை இங்கே பிழைக்கின்றன, காரணம் வெயில் இன்னும் தெரியாது. ஆறு மணிக்கு வாவியில் காற்று குளிர்ச்சியாக வரும், சூரியன் முதுகுப் பக்கம் இப்போதுதான் எழும்புகிறது, கால் நன்றாகச் சூடேறியிருக்கிறது. உடம்பு பொய் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆகவே அந்த நேரத்து மனத்தைக் கேட்காமல், வீட்டில் இருந்து எழுதிக்கொண்டு வந்ததைக் கேட்க வேண்டும்.

முதலாவது நேரம். ஆறு இருபது தாண்டிவிட்டால் கடக்கக்கூடாது. இருபது நிமிடப் பிந்தல் என்றால் இருட்டிலும் குளிரிலும் ஏற்கெனவே திட்டத்தைவிட மெதுவாகப் போயிருக்கிறீர்கள், வெயிலில் அது நாற்பது நிமிடமாகும். இரண்டாவது நாடி. நின்று இரண்டு நிமிடத்தில் கடிகாரத்தில் குறைந்தது முப்பது துடிப்பு இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் உடம்புச் சூடு ஏறிவிட்டது. மூன்றாவது சிறுநீர். தொடங்கியதிலிருந்து ஒரு தரமாவது போயிருக்க வேண்டும், கடும் தேயிலை நிறத்தில் இருக்கக்கூடாது. நாலாவது வயிறு. குலுங்கும் சத்தம் கேட்டால் குடித்தது உள்ளே இறங்கவில்லை, மேலே குடிப்பதில் பயனில்லை. நாலில் ஒன்று பிழைத்தாலும் திரும்ப வேண்டும்.

திரும்புவது என்றால் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது என்று எடுக்கத் தேவையில்லை. பாதை வரையும்போதே இந்தப் பக்கம் பதினொரு கிலோமீட்டர்ச் சுற்று ஒன்றைக் குறித்து வைத்தால், பாலத்தடியில் திரும்பி அதை இரண்டு தரம் சுற்றி நாற்பத்திரண்டை முடிக்கலாம். மாற்றுப் பாதை இல்லாதவர்தான் பிடிவாதமாகப் பாலத்தைக் கடப்பார். அதுவும் முடியாவிட்டால் மாமா வீடு கிட்ட இருக்கிறது.

கடந்தவர்களுக்கு ஒரு சகபாடி கட்டாயம். மச்சானோ மருமகனோ சைக்கிளில் வந்தால் போதும், பின் கரியரில் ஒரு பெட்டி, அதற்குள் தண்ணீர், ஒரு துவாய். மோட்டார் சைக்கிள் இந்த வேகத்துக்கு ஓடாது, புகையும் முகத்தில் அடிக்கும். அதுதான் இருக்கிறது என்றால் மூன்று கிலோமீட்டர் முன்னால் போய்க் காத்திருக்கச் சொல்லலாம். மேற்கே போகும்போது சூரியன் முதுகில், திரும்பி வரும்போது நேரே கண்ணில், அதனால் முன் விளிம்புள்ள தொப்பி வேண்டும். யூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து காய்ந்து வரும். போகும்போது முகத்தில் அடித்து வேகத்தைக் குறைத்தாலும் வியர்வையை உலர்த்தும். திரும்பும்போது முதுகில் உங்கள் வேகத்துக்கே வந்தால் உடம்பைச் சுற்றிக் காற்று அசையாமல் நிற்கும், அப்போதுதான் சூடு ஏறும். "காத்து உதவி செய்யுது" என்று வேகத்தைக் கூட்டுபவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். அந்த ஏழு கிலோமீட்டருக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தலை நனைய வேண்டும்.

தடுமாறுதல், சம்பந்தமில்லாத பேச்சு, வெயிலில் குளிர் நடுக்கம் என்று எது கண்டாலும் அது வெப்பத் தாக்கம் என்றே எடுக்க வேண்டும். முதலில் குளிரவைத்தல், பிறகுதான் ஏற்றிப் போதல். நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி, துவாயால் விசிற வேண்டும். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அது வரும்வரை ஊற்றுவதை நிறுத்தக்கூடாது. உணர்வு தெளிவில்லாதவருக்கு வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. நோவுக்கு என்று புரூபன், வோல்டரன் வகைக் குளிசைகளை ஓட்டத்துக்கு முன்னோ இடையிலோ போட வேண்டாம். உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும்.

மற்றவை சுருக்கமாக. நாய் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும், கல் எடுப்பதுபோலக் குனிந்தாலே பெரும்பாலானவை பின்வாங்கும். கடித்தால் பதினைந்து நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு. வயல் வரம்பில் இருட்டில் கால் வைக்கக்கூடாது, புடையன் பாம்பு அங்கேதான் கிடக்கும். கடித்தால் இறுக்கிக் கட்டவோ வெட்டவோ வேண்டாம், காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு. காலில் காயத்தோடு வயல் தண்ணீருக்குள் இறங்கினால் எலிக்காய்ச்சல் பயம் உண்டு, வெளிநாட்டுக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் அங்குள்ள டொக்டரிடம் வயலுக்குள் ஓடியதைச் சொல்லுங்கள். குளத்தோரத்திலும் வாவி ஓரத்திலும் முதலை உண்டு, கால் கழுவ இறங்காதீர்கள். மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. என்றாலும் ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்குள் குறுக்கு வழி தேடத் தேவையில்லை.

டிசம்பர் லீவில் வருபவர்களுக்கு மேலே சொன்ன பாதை உதவாது. வாடைக்காற்று மழையில் வட்டையும் வாய்க்கால் கட்டும் தண்ணீருக்குள் கிடக்கும், கடலும் கரையை அரித்துக்கொண்டு நிற்கும். எழுவான்கரை ஒழுங்கைகளில் நாலு சுற்று என்று வைத்துக்கொள்வதே புத்தி. ஓடுவதற்கு மிக நல்ல காலம் பெப்ரவரி கடைசியும் மார்ச் முற்பகுதியும். அதே நேரம்தான் பெரும்போக வேளாண்மை வெட்டு, யானையும் அப்போதுதான் மும்முரம். அம்பாறைப் பக்கம் உறவினர் உள்ளவர்களுக்குத் திருக்கோவிலிலிருந்து கோமாரிப் பக்கம் கடலோரம் நல்ல பாதை. பாணமையைத் தாண்டி உகந்தைக்கு அங்கால் குமண தேசியப் பூங்கா. கதிர்காம யாத்திரைக்குத் திறந்துவிடும் நாட்களில் சனம் கூட்டமாக நடந்து போகிறது என்பதற்காகத் தனியே ஓடலாம் என்று நினைக்கக்கூடாது. அது ஓடும் இடமல்ல.

ஓடி முடித்த அன்று பகல் எந்த வீட்டுக்கும் வருவதாகச் சொல்லாதீர்கள். சோறும் உப்பான ரசமும், இரண்டு மணித்தியாலம் தூக்கம், அவ்வளவுதான். மறுநாள் கலியாண வீடோ கோயில் பூசையோ என்றால் சப்பணம் கட்டி இருக்க முடியாது, கதிரை கிடைக்கும் மூலையாகப் பார்த்து முதலே பிடியுங்கள். தண்ணீர் வைத்த வீடுகளுக்கு இரண்டு நாளைக்குள் போன் எடுத்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை படலை பூட்டியிருக்கும். விமானம் ஏறுவதற்கு இரண்டு மூன்று நாளாவது இடைவெளி விடுங்கள், வீங்கிய காலோடு பத்துப் பதினைந்து மணித்தியாலம் இருப்பது நல்லதல்ல. அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறவர்கள் சப்பாத்தின் அடியில் ஒட்டிய வயல் மண்ணைப் பழைய பல்துலக்கும் பிரஷால் கழுவிக் காயவைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும், இறங்கும்போது கொடுக்கும் அறிவிப்பிலும் சொல்ல வேண்டும். கிறவல் மண் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அங்கே நிற்பாட்டிக் கேட்பார்கள்.